இசபெல், ஒருதரம்

ஏழுகல்துறையில் இசபெல்லை ஏலம் விட்டுக்கொண்டிருந்த குரல், கொரோனா வந்து கரை அடைத்துக் கிடந்த தவக்காலத்தில், அவள் தலையை விட்டு இறங்கித் தெற்குத் தெருவுக்கே பொதுவாகக் கேட்க ஆரம்பித்தது. அதற்கு முந்தைய இருபது வருடமாக அது அவள் ஒருத்தி காதில் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாளை மீனுக்கு விலை இல்லை. வள்ளம் இறங்காததால் சாளையே இல்லை.

ஏலம் என்றால் கடற்கரை ஏலம். டவுனில் பழைய பஸ்சை விற்கிற மாதிரி மேசையும் சுத்தியலும் வைத்து நடப்பதல்ல. வள்ளம் கரை பிடித்ததும் மீனை மணலில் கொட்டுவார்கள். ஏலக்காரர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கூவுவார். சுற்றி நிற்கிற பெண்களும் வியாபாரிகளும் விரலைக் காட்டியும் கண்ணைச் சிமிட்டியும் விலையை ஏற்றுவார்கள், அப்படிக் கேட்கிற விலைக்குக் கேள்வி என்று பேர். மூணுதரம் சொன்னால் முடிந்தது முடிந்ததுதான், ஒருமுறை போன பொருளை மறுபடி ஏலத்தில் வைக்கப் பங்குச்சாமியார் வந்து சொன்னாலும் விடமாட்டார்கள். எடுத்தவர் எடுத்ததைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டும், அங்கேயே போட்டுவிட்டுப் போகக் கூடாது. அதைவிடப் பெரிய வழக்கம் ஒன்று உண்டு: பிடித்தவன் தன் மீனுக்குத் தானே விலை கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் அவன் வள்ளத்துப் பக்கம் ஒரு ஆள் எட்டிப் பார்க்காது. இவ்வளவும் தெரிந்துகொண்டால் இசபெல் பட்ட பாடு பாதி விளங்கிவிடும்.

அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயதில் குரல் வந்தது. சந்தையில் மீன் பாத்திரத்தை இறக்கி வைத்துச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜலதோஷம் பிடித்த ஏலக்காரர் மாதிரி யாரோ பிடரிக்குப் பின்னால் நின்று, "இசபெல் எண்ணின சில்லறை! வாங்க, வாங்க, யாரு கேக்கா?" என்றார். திரும்பினால் ஆளில்லை. "கேள்வியில்ல" என்று குரல் தானே ஏலத்தை முடித்து வைத்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள், மறுபடி ஏலம். மாலையில் பாதி மீனை அழுகவிட்டு வெறும் கையோடு வந்தவள் பிறகு சந்தைக்குப் போகவே இல்லை. அதன் பின் குரல் அவள் பெருக்கிய முற்றத்தை ஏலம் விட்டது, வாரிய தலைமுடியை விட்டது, வடித்த சோற்றை விட்டது. யாருக்கும் கேட்காத ஏலத்தில் யார் விலை சொல்வார்கள்? அவள் சொல்லலாம் என்றால் கரை வழக்கம் இடிக்கிறது. கேள்வியில்ல, கேள்வியில்ல என்று வருடங்கள் போயின. விலை போகாத பொருள் சும்மா இருந்துவிடவும் இல்லை. அவள் போட்ட சாயா நிறம் போய் வெந்நீராகும். உடுத்திய சேலை வெளுத்து, வெள்ளைத் துணியாகிக் கொடியில் ஆடும். ரொம்ப மோசமான நாட்களில் குரல் அவளையே முழுசாக ஏலம் விட்டுவிடும். அப்போது அவள் பாயில் படுத்திருப்பாள், ஆனால் கண்ணுக்குப் படமாட்டாள். ஒருமுறை அவள் தம்பி லிஜோ அக்காவைக் காணவில்லை என்று குளச்சல் வரைக்கும் ஆள் விட்டுத் தேடினான், போலீசில் எழுதிக் கொடுத்தான், கடலில் விழுந்துவிட்டாள் என்று மாரில் அடித்து அழுதான். அவன் அழுததை எல்லாம் அவள் அதே பாயில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான், கை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

எத்தனையோ இடத்தில் மந்திரித்து, ஜெபித்து, கயிறு கட்டிப் பார்த்த பிறகு கடைசியில் சர்க்கார் ஆஸ்பத்திரிக் குளிகைதான் கொஞ்சம் கேட்டது. குளிகை போட்டால் குரல் விலகிப் போய் அடுத்த ஊர்க் கரையில் நடக்கிற ஏலம் போலக் கேட்கும். கை நடுங்கும், வாய் உலரும், போகட்டும். அங்கேதான் முதல் தடவை மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சத்தம் வேறு யாருக்காவது கேட்குமா என்று அன்றைய டாக்டர் விசாரித்தார். "இல்ல சாரே, எனக்கு மட்டுந்தான்" என்றாள். அவர் தலையாட்டி, பாதிப்பு இத்தனை சதவீதம் என்று போட்டு எழுதினார். தற்காலிகம், ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழால் மாதாமாதம் உதவித்தொகை வந்தது. அப்பா கட்டிய ஓட்டுவீட்டில் அவள் தன் அரிசியைத் தானே வாங்கி வடித்துத் தின்றாள். அரிசி வாங்குவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஒரு வருடம் தம்பி பொண்டாட்டி கையால் அளந்து வாங்கித் தின்று பார்க்க வேண்டும்.

இனி அந்தத் தவக்காலத்துக்கு வருவோம். கரையில் ஏலமே இல்லாமல் சனங்களுக்குக் காது செத்துப்போயிருந்தது. அலைச் சத்தம் கேட்கிறது, கூவல் கேட்கவில்லை. சோறு இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள், இதைத்தான் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு விடியலில், "இசபெல் போட்ட கட்டஞ்சாயா! சூடு பறக்கு! யாரு கேக்கா?" என்று ஒரு கூவல் தெரு முழுக்கக் கேட்டது. அடுத்த வீட்டு அஜிதா இறால் கம்பெனியில் உரிப்புக்குப் போகிறவள், வாய் ஓயாதவள், பல் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். யார் கூவுகிறார், எங்கிருந்து கூவுகிறார் என்று யோசிக்கவே இல்லை. வாயில் நுரையோடு மதிலுக்கு மேல் கையைத் தூக்கி, "எனக்கு! ரெண்டு முட்டை!" என்று அலறினாள். எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி தேங்காய் ஒன்று கூட்டிக் கேட்டாள். குரல் ஒரு நிமிடம் திக்கித் திணறியது. அதன் ஆயுசில் முதல் கேள்வி அது. பிறகு பாருங்கள், அதற்கு வந்த உற்சாகத்தை! தொண்டையைச் செருமி, ராகம் போட்டு, ஒருதரம் ரெண்டுதரம் என்று இழுத்து, தேங்காய்க்கு மேல் இன்னொரு முட்டை ஏற்றிய அஜிதாவுக்கே முடித்துக் கொடுத்தது. அஜிதா வந்து சாயாவைத் தூக்கிக் குடித்துவிட்டு, "ஏட்டி, நல்ல கடுப்பம்!" என்று அதன் திடத்தை மெச்சினாள். இசபெல் டம்ளரை எட்டிப் பார்த்தாள். பால் விடாத கட்டஞ்சாயா சிவப்பாகவே இருந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாக, தான் போட்ட சாயாவின் நிறத்தைப் பார்த்து நின்ற இடத்திலேயே கூவி அழுதாள்.

அதற்குப் பிறகு தெருவுக்கு அது ஒரு பொழுதுபோக்காகவும் பழக்கமாகவும் ஆகிவிட்டது. பங்குச்சாமியார்கூடப் பூசை நேரத்தில் மட்டும் ஏலம் வேண்டாம் என்று அறிவித்ததோடு சரி. இசபெல் வைத்த மீன்குழம்பு, இசபெல் மடித்த துணி, இசபெல் சொன்ன பதில், எல்லாம் போட்டி போட்டு விலை போயின. குளச்சலிலிருந்து கருவாடு எடுக்க வருகிற மைதீன் கனி கரை ஏலத்திலேயே நரைத்த ஆள். ஊரடங்கு தளர்ந்து வந்த முதல் நாள், ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவர் பழக்க தோஷத்தில் விரலைத் தூக்கி ஒரு சட்டிக் குழம்பை எடுத்துவிட்டார். எடுத்தவர் சுமக்க வேண்டுமே! குளச்சல் வரைக்கும் ஒரு கையில் வண்டியும் ஒரு கையில் சட்டியுமாகப் போனார். இசபெல்லுக்குச் சேலைகள் நிறம் பிடித்தன. சில நாட்கள் இறால் உரிக்கக்கூடப் போனாள். ஆனால் இதைக் கேட்டுவிட்டு அவளுக்கு நோய் தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தெரு என்றால் கடலுக்குப் போகும், கல்யாணத்துக்குப் போகும், கதவை அடைத்து உறங்கும். குரலுக்கு உறக்கம் கிடையாது. ஆளில்லாத நேரத்து ஏலமெல்லாம் பழையபடி கேள்வியில்லாமலே முடிந்தது. குளிகை ஒன்று தப்பினாலும் அடுத்த கரைக்குப் போன குரல் கொண்டாட்டமாகத் திரும்பி வந்து காதுக்குள் நின்று கூவும். பாதி நாளும் அவள் முழங்கை வரைதான் தெரிந்தாள்.

ஐந்து வருடம் முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி ஃபோனில் தகவல் வந்தது. குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த லிஜோவும் வாட்ஸப்பில் பேசி அனுப்பினான். கெட்டவனில்லை, பயந்தவன். "யக்கா, நீ நல்லாத்தான இருக்கன்னு டாக்டரு தள்ளிட்டாருன்னா பைசா நின்னுரும். பொறவு ஒன்ன யாரு பாப்பா? ஆரல்வாய்மொழிக்கு அங்கன ஒரு இல்லம் உண்டு, நல்ல கவனிப்பாம். வீட்ட வித்து அங்க பைசா கெட்டிரலாம்." இசபெல் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். இல்லம் நல்ல இல்லமாகவே இருக்கட்டும். அங்கே கட்டில் இருக்கும், சோறு இருக்கும், ஃபேன் இருக்கும். மலையடிவாரத்துக் காற்றில் குரல் கூவும்போது மதிலுக்கு அப்பால் கையைத் தூக்க அஜிதா இருக்கமாட்டாள். ஒரே வாரத்தில் காணாமல் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சான்றிதழ் கிடைத்தால் தெரு உண்டு, இல்லாவிட்டால் அவளே இல்லை. இதை அஜிதாவிடம் சொன்னபோது அவள் பாதி உரித்த இறாலைப் போட்டுவிட்டு எழுந்தாள். "ஒருத்தியா போவியா நீ? சாட்சிக்கு ஆளு வேண்டாமா? நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றாள். நோயாளியைத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். தெற்குத் தெருவில் இசபெல்லைத் தெரியாதவர் யார்?

சான்றிதழ் முகாம் இரணியலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். அதே தெருவில் மீன் வண்டி ஓட்டுகிற சிஜோ தன் வண்டியை உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பத்தி கொளுத்தி, ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் பெஞ்சு போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். அன்றைக்குத் தெருவுக்கு இருந்த வெப்ராளமும் பரபரப்பும் கொடியேற்றத்துக்குக்கூட இருந்ததில்லை. பெண்கள் பட்டு உடுத்தினார்கள், ஒருத்தி அவல் கிளறி எடுத்துக்கொண்டாள், இன்னொருத்தி வழிக்கு ஜெபமாலை. இசபெல்லுக்கு அஜிதா தன் அரக்குச் சேலையை உடுத்திவிட்டாள். உடுத்திவிடும்போது காதோடு, "ஏட்டி, இன்னைக்கி ஒரு நாளு குளிகை போடாண்டாம். சத்தம் நல்லா வரட்டும், டாக்டரு நம்பட்டும்" என்றாள். இசபெல்லுக்கும் ஒரு கணம் ஆசை தட்டியது. பிறகு, "போட்டாத்தான் நான் வண்டியில ஏறுவேன். போடாட்டா வண்டியில என் சேலைதான் இருக்கும்" என்று சொல்லித் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். மைதீன் கனியும் வழியில் நிறுத்தி ஏறிக்கொண்டார். கருவாட்டு வியாபாரத்தை விட்டுவிட்டா என்று கேட்டதற்கு, "நான் எடுத்த கொழம்புக்கு நான் சாட்சி சொல்லாண்டாமா?" என்றார். பாட்டும் கூச்சலுமாக வண்டி ஊர் ஊராகக் கடந்தது. கல்யாண வண்டி என்று நினைத்து ஓரிடத்தில் பொண்ணு எந்த ஊர் என்றே கேட்டுவிட்டார்கள்.

மனநலத்துக்கு உட்கார்ந்திருந்தவர் டாக்டர் கிருஷ்ணமணி. பூதப்பாண்டிக்காரர், நெல்வயல் பார்த்து வளர்ந்தவர், கடற்கரைக்கு வாழ்க்கையில் ஒன்றிரண்டு தடவை சுற்றிப் பார்க்கப் போனதுதான். பொறுமையான மனிதர், காலையிலிருந்து ஒரு சாயாகூடக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இசபெல் நாற்காலியில் உட்கார, பின்னால் தெற்குத் தெரு மொத்தமும் பட்டுச் சரசரக்க வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உறக்கம் எப்படி, குளிகை ஒழுங்காகப் போடுகிறீர்களா, குளிக்கிறீர்களா, வேலைக்குப் போக முடிகிறதா என்று கேட்டார். இசபெல் உள்ளதைச் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, "அந்தச் சத்தம் இப்பவும் வருதாம்மா? உங்களுக்கு மட்டும்தானே கேக்குது?" என்றார்.

இசபெல் வாயைத் திறப்பதற்குள் தெரு திறந்துவிட்டது. "என்ன சாரே இப்பிடிக் கேக்கியோ! எங்க எல்லாருக்கும் கேக்கும்!" என்றாள் அஜிதா. அவளுக்குப் பின்னால் எல்லோரும் ஆமா ஆமா என்று ஆரவாரம் செய்தார்கள். நான் கேட்டேன், என் மாமியார் கேட்டாள், பொய் சொன்னால் மாதா கேட்பாள் என்று சத்தியம் வேறு. சாட்சி என்றால் ஆணித்தரமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கட்சி. டாக்டரின் பேனா நின்றது. "எல்லாருக்குமா?" என்றார். "குளச்சல்காரன் எனக்கே கேக்கும் சாரே!" என்றார் மைதீன் கனி பெருமையாக. டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அம்மா, மத்தவங்களுக்குக் கேக்காதது ஒருத்தருக்குக் கேட்டாத்தான் அது நோய். ஊருக்கே கேட்டா அதுக்குப் பேரு ஒலிபெருக்கி. நான் எப்படி எழுதுவேன்?"

தாங்கள் செய்து வைத்த காரியம் அஜிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாள். அடுத்த நொடியே, "சாரே, சாரே, எங்களுக்கு ஒண்ணும் கேக்காது, சும்மா ஒரு இதுக்குச் சொன்னதாக்கும்" என்று பிளேட்டைத் திருப்பிப் போட்டாள். தெருவும் உடனே கேக்காது கேக்காது என்று தலையாட்டியது. குரலுக்குக் கூட்டம் என்றால் உயிர் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த நிமிடம் பார்த்து, மேடையில் மாலை மாற்றுகிற இடத்திலிருந்து, மைக் வைத்தது போல அது கிளம்பியது: "மண்டபத்துல நிக்கியவங்களே, வாங்க, வாங்க! இன்னைக்கி துண்டு கெடையாது, முழுசு! இசபெல் முழுசு! யாரு கேக்கா?" கேட்காது என்று தலையாட்டியவர்கள் அத்தனை பேரும் ஒன்றுபோல மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரும் பார்த்தார். "எனக்கே கேக்குதே" என்று மெல்லச் சொன்னார்.

அஜிதாவின் கை பழக்கத்தில் மேலே போனது. "கையத் தாழ்த்து அஜிதா" என்றாள் இசபெல். அவள் குரல் அவ்வளவு உறுதியாக வந்து யாரும் கேட்டதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து தெருவைப் பார்த்து, "யாரும் வெல சொல்லாண்டாம்" என்றாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "சாரே, எல்லாருக்கும் கேக்குதது செரிதான். ஆனா மணல்ல கெடக்கியது இவங்க இல்ல, நான். இவங்க கதவ அடச்சிட்டுப் போயி உறங்குவாங்க. எனக்கு அடைக்கக் கதவு இல்ல. கேள்வியில்லாட்டி எனக்கு என்ன ஆகும்னு நீங்க பாத்ததில்லல்லா? பாத்துட்டுப் பொறவு எழுதுங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். முழுசாகப் போனால் திரும்பி வர எத்தனை நாளாகும் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தடவை வாரக்கணக்கில் ஆகியிருக்கிறது. திரும்பி வராமலே போனால்? போனால் போகட்டும், பொய் சொல்லியோ குளிகையை மறைத்தோ வாங்கிய சான்றிதழோடு அந்தத் தெருவில் இருக்க அவளுக்கு மனசில்லை.

"இசபெல், ஒருதரம்!" என்றது குரல். அரக்குச் சேலையின் சாயம் மேலிருந்து கீழாக இறங்கித் தரையில் வடிந்தது. கடைசிக் கரையும் வெளுத்து, அவள் பழைய வெள்ளைத் துணியில் உட்கார்ந்திருந்தாள். அஜிதா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதாள். கரை ஏலத்தில் எத்தனையோ பேர் நட்டப்பட்டு நின்றதைப் பார்த்தும் அசராத மைதீன் கனி கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டுதரம்!" விரல்கள் போயின, மணிக்கட்டு போனது, தோள் போனது. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். இசபெல்லின் மாருக்குப் பின்னால் நாற்காலியின் கிழிந்த ரெக்சினும் அதில் யாரோ பேனாவால் கிறுக்கியிருந்த பெயரும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன. அவள் முகம் மட்டும் பாக்கி இருந்தது, அதுவும் மங்கிக்கொண்டிருந்தது. அந்த முகம் அவரைக் குற்றம் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. குரல் மூன்றாவது தரத்துக்கு மூச்சை இழுத்தது.

"அறுபது!" என்று கத்தினார் டாக்டர் கிருஷ்ணமணி.

குரல் இழுத்த மூச்சு அப்படியே நின்றது. "அறுபது என்னது?" என்றது. "சதவீதம்" என்றார். அப்படி ஒரு சரக்கைக் குரல் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வந்த கேள்வியைத் தள்ளுகிற ஏலக்காரன் எந்தக் கரையிலும் கிடையாது. "அறுவது சதவீதம்! டாக்டரு சாரு அறுவது! மேல யாரு?" என்று மண்டபம் அதிரக் கூவியது. அதற்கு மேல் அஜிதாவால் பொறுக்க முடியவில்லை. முந்தானையைத் துப்பிவிட்டு, "எழுவது!" என்றாள். கண்ணை மூடியிருந்த மைதீன் கனி திறக்காமலே விரலைத் தூக்கி, "எழுவத்தஞ்சு!" என்றார். வரிசையில் ஊன்றுகோலோடு நின்ற முன்பின் தெரியாத ஒருவர், தன் முறை வந்ததையும் மறந்து, "எம்பது!" என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் இசபெல்லின் தோள் வந்தது, மணிக்கட்டு வந்தது, சேலையில் சாயம் ஏறியது. சனங்கள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். "நீங்க யாரும் கேக்கக் கூடாது, நான்தான் சொல்லணும்!" என்று டாக்டர் தவித்தார். "ஏலம்னா எல்லாருக்கும் பொதுவாக்கும் சாரே" என்றது குரல். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை, குளியல், பேச்சு, மனிதரோடு பழக்கம் என்று தம் அளவுகோலில் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணால் கண்டதை வைத்து நிதானமாகக் கணக்குப் போட்டார். அந்தக் கூச்சலிலும் அவர் அவசரப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "எண்பத்தஞ்சு. இது ஏத்திச் சொன்னதில்ல. நான் பாத்தது இவ்வளவு" என்றார். அஜிதா தொண்ணூறுக்கு வாயைத் திறந்தாள். இசபெல் திரும்பிப் பார்த்தாள், போதும் என்று. வாய் மூடிக்கொண்டது.

"டாக்டரு சாருக்கு, மூணுதரம்!"

உயிர்ப்புத் திருவிழாவில் மணி அடிக்கிற நேரத்துச் சத்தம் அந்த மண்டபத்தில் எழுந்தது. அவல் பொட்டலம் பிரிந்து காற்றில் பறந்தது. டாக்டர் எழுதினார். காலாவதி என்ற இடத்துக்கு வந்ததும் ஐந்து வருடம் என்று எழுதப் போனவரை மைதீன் கனி தடுத்தார். மூணுதரம் சொன்ன பொருளை மறுபடி ஏலத்தில் வைப்பது எந்தக் கரையிலும் வழக்கமில்லை என்று விளக்கினார். டாக்டர் யோசித்தார். இருபத்தைந்து வருடமாகத் தீராதது அடுத்த ஐந்தில் தீருமா என்று வைத்திய நூல் வழியிலும் பார்த்தார். இரண்டு வழியிலும் பதில் ஒன்றாக வந்ததால் நிரந்தரம் என்று குறித்தார். கையெழுத்துப் போட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனார். "சாரே, எடுத்தவங்க சொமக்கணும்" என்று எல்லோரும் நினைவூட்டினார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, இசபெல்லின் குளிகைப் பையையும் ஃபைலையும் குடையையும் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வண்டி வரைக்கும் வந்தார். வரிசையில் நின்ற யாரும் தாமதமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. ஊன்றுகோல்காரர் அவருக்கு வழி விலக்கிக் கொடுத்தார்.

வண்டியில் ஏறியதும் இசபெல் சான்றிதழைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினாள். லிஜோ பேசிய பதில், "செரி யக்கா. வீடு அங்கயே கெடக்கட்டு. ஓடு மாத்தணும்னா சொல்லு" என்று வந்தது. தெரு பாதி வழி பாடியது, மீதி வழி ஆளுக்கொரு தோளில் சாய்ந்து உறங்கிவிட்டது. அஜிதா வாயைத் திறந்துகொண்டு உறங்கினாள், உறக்கத்திலும் விரல் தூக்கின மாதிரியே இருந்தது. இரணியல் பக்கம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சிஜோ இறங்கிச் சாயாக் கடைக்குப் போய்விட்டான். இசபெல் மட்டும் விழித்திருந்தாள். சான்றிதழை மடியில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் கண்ணில் நீர் முட்டியது. தூரத்துக் கரையிலிருந்து வருவது போல, களைத்துப்போன குரல் ஆரம்பித்தது. "இசபெல் கண்ணுல நிக்கிய தண்ணி. யாரு கேக்கா?"

உறங்குகிறவர்களை அவள் பார்த்தாள். எழுப்பலாம். ஒரு தட்டு தட்டினால் அஜிதா எழுந்து ஒரு சாக்கு நெல்லே கேட்டுவிடுவாள். இசபெல் எழுப்பவில்லை. கரை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது போல் கூச்சத்தோடு, விரலை மடியிலிருந்து உயர்த்தினாள். "எனக்கு" என்றாள்.

பிடித்தவர் தன் மீனுக்குத் தானே விலை கேட்கக் கூடாது என்பது குரலுக்குத் தெரியாததில்லை. ரயில் வந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து, போய் முடிந்தது. கேட் திறக்கிற மணி அடித்தது. "ஒருதரம்" என்றது குரல், ஜலதோஷத்தை உறிஞ்சிக்கொண்டு. "ரெண்டுதரம். மூணுதரம்."

சிஜோ வந்து வண்டியை எடுத்தான். எடுத்தவர் சுமக்க வேண்டும் என்பது வழக்கம், அவள் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் விடியலில் இதைக் கேள்விப்பட்ட கரையில் யாரும் வழக்கம் மீறியதாகக் குறை சொல்லவில்லை. அன்றைக்குச் சாளை நல்ல விலைக்குப் போனது.